கட்டிலுக்கு அடியில் ஒரு பிக்கப் வண்டி

ஆர்த்தி, கிஷோர்... இந்த வாரம் அப்பா உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கிற மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காரலாம். இடம் இருக்கிறது.

போன வாரம் நாம் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிஷோர், நீ திடீரென்று ஒரு கேள்வி கேட்டாய்.

"அப்பா, அனு அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில பிக்கப் வண்டி இருக்காமே... நெசமா?"

கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். ஆர்த்தி, நீ சிரிக்கவில்லை. தம்பியின் தொடையில் கிள்ளினாய். "ஸ்கூல் பஸ்ல எல்லாரும் அதச் சொல்லித்தான்பா சிரிக்காங்க. அனு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திட்டா" என்றாய்.

அம்மா, "பேசாம தின்னுங்க" என்று பேச்சை முடித்தாள். நான் பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? வண்டி எங்கே என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் ஆரியசாலையில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் வேலை செய்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் ஃபோனில் கேட்கிற சரக்கைக் குறித்துக்கொண்டு, மூட்டை கட்டச் சொல்லி, வண்டியில் ஏற்றி அனுப்புவது என் பாடு. எங்கள் சரக்கை ஏற்றிப் போகிற வண்டிகளில் ஒன்று லில்லி அக்காவின் பிக்கப்.

லில்லி அக்காவுக்கு மார்த்தாண்டம் பக்கம் சொந்த ஊர். கடைச் சந்தின் கடைசியில், மாடியில் குடியிருக்கிறார். முன்பு அவர் கணவர்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா விற்கவில்லை. வீட்டு வாடகை, அவருடைய மருந்து — எல்லாம் அந்த வண்டியில்தான் ஓடுகிறது. அதனால் ஒரு டிரைவரைப் போட்டார். அவர்தான் சேகர். வள்ளியூர்க்காரர். கரமனையில் ஒரு லைன் வீட்டில் மனைவி மீனாவோடும் மகள் அனுவோடும் இருக்கிறார். அனு நம் ஆர்த்தியின் வகுப்பு.

எங்கள் ஆரியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரும் புதிருமாக இரண்டு கைவண்டி வந்தாலே சந்து அடைத்துவிடும். அங்கே பிக்கப்பை எங்கே நிறுத்துவது? ஆகவே வேலை முடிந்ததும் வண்டி டிரைவரோடு அவர் வீட்டுக்கே போய்விடும். உடைமைக்காரரிடம் இருப்பது ஸ்பேர் சாவி மட்டும். மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள்கூட வண்டியை ஓட்டுகிறவர் பேரில்தான் கூப்பிடுவார்கள். "சேகர் வண்டி வந்தாச்சு, ஏற்று!" என்பார்கள். லில்லி அக்கா பேர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும்... வாயில் இராது.

அப்படி ஒரு நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் போன வருஷம் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டினார்கள். கையளவு கறுப்புப் பெட்டி. வண்டிக்குள் எங்கேயோ ஒளித்து வைப்பார்கள். வண்டி எங்கே போகிறது என்று அக்கா ஃபோனில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும்.

அக்காவுக்கு அந்தப் புள்ளி ரொம்பப் பிடித்துப்போனது. நெய்யாற்றின்கரை போகிறது, பாலராமபுரத்தில் நிற்கிறது என்று எங்களுக்கு நேர்முக வர்ணனை தருவார். சாயந்திரம் புள்ளி கரமனைக்குப் போய்ச் சேர்ந்ததும், "கோழி அடைஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறுவார். முன்பெல்லாம் சேகர் வீட்டுக்குப் போனதும் ஃபோன் செய்து, "வந்துட்டேன் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்வார். புள்ளி வந்தபிறகு அது நின்றுபோனது. புள்ளி சொல்கிறதே... மனுஷன் வேறு சொல்லணுமா?

ஒருநாள் காலை நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பால் வாங்கிக்கொண்டு சந்தில் வந்தார். ஃபோன் அடித்தது. அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஆகவே சந்தே கேட்டது.

"அக்கா, வண்டிய நீங்க எடுத்தீங்களா?" — சேகரின் குரல்.

"நான் எடுத்தா அது ரோட்டுல போகுமா, ஓடையில போகுமா? என்னடே கேள்வி கேக்க?"

"வண்டியக் காணல அக்கா."

அக்கா பால் கவரை என் கையில் கொடுத்துவிட்டு ஆப்பைத் திறந்து பார்த்தார். முகத்தில் நிம்மதி.

"எடே, மூஞ்சியக் கழுவிட்டுப் பாரு. உன் வீட்டு நடையிலதான நிக்கு!"

"அக்கா, நான் வண்டி நின்ன இடத்துலதான் நிக்கேன். கண்ணாடி கழுவலாம்னு வெளியே வந்தேன். இங்க நானும் ஒரு பக்கெட் தண்ணியும்தான் நிக்கோம்."

"ஃபோன்ல நிக்குதே!"

"தரையில நிக்கலையே அக்கா!"

சந்தில் ரெண்டு பேர் சிரித்தே விட்டார்கள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது... அக்கா ஆப்பை மூடி மூடித் திறப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ஆட்டோ பிடித்து கரமனைக்குப் போனோம். அக்கா, அவருடைய கொழுந்தனார் ராஜன், நான். சேகர் அந்த பக்கெட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தரையில் ஒரு ஆயில் கறை. அக்கா ஃபோனைப் பிடித்துக்கொண்டு முன்னால் இரண்டடி போனார், பின்னால் இரண்டடி வந்தார். புள்ளி அசையவில்லை. வண்டி எங்கள் காலடியில் நிற்பதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ராஜன் ஒன்று சொன்னார்.

"மதினி, வண்டி போயாச்சு. புள்ளி போகல. அதுக்கு என்ன அர்த்தம்? பெட்டியக் கழத்தி இங்கயே எங்கயோ வெச்சிருக்கு. பெட்டி இருக்கிற இடத்துலதான புள்ளி நிக்கும்?"

எவ்வளவு சரியான கணக்கு, பாருங்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கணக்கு சரியாக இருந்தால் விடையும் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் நினைத்துவிடுகிறோம், இல்லையா?

எல்லார் கண்ணும் சேகரின் வீட்டு வாசலுக்குப் போயிற்று. சேகருக்குப் புரிந்துவிட்டது. கதவை அவரே அகலமாகத் திறந்தார்.

"வாங்க அக்கா. பாருங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே சேகரு..."

"சொல்ல வேண்டாம். பாத்துட்டா எல்லாருக்கும் நல்லது."

ஒரே அறைதான். மீனா கையில் தோசைத் திருப்பியோடு சுவரோரம் ஒதுங்கினார். ராஜன் அலமாரியைப் பார்த்தார், அரிசி டிரம்மைப் பார்த்தார். அக்கா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். ஒரு பழைய சூட்கேஸ், அனு ஸ்கூலுக்குச் செய்துகொண்டிருந்த ஒரு அட்டை வீடு, கொஞ்சம் சின்ன வெங்காயம். அவ்வளவுதான்.

அனு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்த அட்டை வீட்டை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லில்லி அக்காவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளே. வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, அவியகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நெஞ்சு தாங்குமா?" என்று என்னிடம் கேட்டார். வண்டி தொலைந்த சங்கதியைக் கணவரிடமிருந்து எத்தனை நாள் மறைப்பது என்ற கவலை அவருக்கு.

ஆனால் உச்சிவேளைக்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. அக்காவின் ஃபோனில் தெரிந்த அந்த மேப்பை யாரோ படமெடுத்து, டிரைவர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். 'வண்டி எங்கே? சேகர் வீட்டில்!' என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகள் வேறு. ஒரு ஃபோனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது பெட்டி வண்டியாகிவிட்டது, வீடு கட்டிலாகிவிட்டது. இப்படித்தான் கிஷோர், உன் ஸ்கூல் பஸ்ஸுக்குள் ஒரு பிக்கப் வண்டி ஏறியது.

போலீசில் புகார் கொடுத்தோம். சேகரை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். அடித்தார்களா என்று கேட்காதீர்கள் — இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். முன்வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடுத்த நாளும் வரச் சொன்னார்கள். அந்த பெஞ்ச் ரோட்டிலிருந்து நன்றாகத் தெரியும். வேறென்ன வேண்டும்?

வேலையும் இல்லை. வேறு வண்டி ஓட்டலாம் என்று சாலைக் கம்போளத்து மற்றக் கடைகளில் கேட்டுப் பார்த்தார். "இந்தக் கேஸ் முடியட்டும், பாக்கலாம்" என்றார்கள். யாரும் திட்டவில்லை. யாரும் சாவியும் கொடுக்கவில்லை.

பெட்டியை மாட்டிக் கொடுத்த கடை கிள்ளிப்பாலத்தில் இருக்கிறது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கடைக்காரர் ஃபோனை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். புள்ளியின் கீழே கடுகளவு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதை விரலால் பெரிதாக்கினார்.

"சேச்சி, ஒரு காரியம் மனசிலாக்கணும். இது வண்டி இப்ப நிக்கிற இடம் இல்லை. கடைசியாயிட்டு எங்களுக்குத் தகவல் வந்த இடம். அதுக்கு அப்புறம் ஒண்ணும் வரலை. யாரோ ஜாமர் வெச்சிருக்கு."

"ஜாமா? என்ன ஜாம்?"

"ஜாமர், சேச்சி. சிக்னலை அமுக்குற சாதனம்."

அவர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பொங்காலை நாளில் கிழக்கேகோட்டையில் லவுட்ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்று ஃபோன் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா அந்தப் பக்கம் பேசுவார்... ஒன்றும் காதில் விழாது. அம்மா ஊமையாகிவிட்டாரா? உங்கள் காது செவிடாகிவிட்டதா? இரண்டும் இல்லை. நடுவில் ஒரு பெரிய சத்தம்.

வண்டியில் இருக்கிற பெட்டி அப்படித்தான். வானத்தில் வெகுதூரத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகள் பேசுவதைக் கேட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். பிறகு அதை ஃபோன் டவர் வழியாக நமக்குச் சொல்லும். சாட்டிலைட்டின் குரல் இங்கே வந்து சேரும்போது ரொம்ப ரொம்ப மெல்லியது. திருடன் பக்கத்தில் ஒரு லவுட்ஸ்பீக்கரை வைத்துவிட்டால் முடிந்தது. பெட்டிக்குக் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அந்த லவுட்ஸ்பீக்கர்தான் ஜாமர். நம் காதுக்குச் சத்தம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்றும் கடைக்காரர் சொன்னார். திருடனுக்குச் சட்டம் ஒரு பொருட்டா?

"இப்படி ஆகும்னு மாட்டும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அக்கா.

"சிக்னலை அமுக்கினா உடனே அலாரம் தர்ற மாடல் உண்டு, சேச்சி. இது சாதா மாடல். பக்கத்துல ஜாமர் இருந்தா மனுஷங்க கையில இருக்கிற ஃபோனும் திணறும். அது ஒண்ணுதான் வெளியில தெரியிற அடையாளம்."

திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாகிவிட்டது. பெட்டி கட்டிலுக்கு அடியிலும் இல்லை, அரிசி டிரம்மிலும் இல்லை. சேகர் பேரில் இருந்த கறை போய்விட்டது அல்லவா?

சந்து முனையில் ராஜன் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். யோசித்தார்.

"சரி மதினி... அந்த ஜாமரை வெச்சதே சேகரா இருந்தா?"

பார்த்தீர்களா? சந்தேகத்தின் வயிற்றுக்கு எதைப் போட்டாலும் செரிக்கும். புள்ளி நின்றாலும் சேகர். நிற்கவில்லை என்றாலும் சேகர். அக்கா மாடி ஏறிப் போனார். அன்றைக்கும் சேகருக்கு அவர் ஃபோன் செய்யவில்லை.

கிஷோர், நீ தோசையோடு அந்தக் கேள்வி கேட்டது இதற்கு மறுநாள்தான். நான் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் கடைக்கு சத்தியதாஸ் வந்தார். பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். எப்போதும் ஃபோனில்தான் சரக்குக் கேட்பார். அன்று நேரில், பஸ் ஏறி, கோபத்தோடு வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

"ஃபோனா! ஃபோன் கிடைச்சா நான் எதுக்கு உன் மூஞ்சியப் பாக்க வாறேன்? கடையில நின்னா ஒரு புள்ளி ரேஞ்ச் இல்ல. பள்ளி முக்கு வரை நடந்தா வருது. திரும்பக் கடைக்கு வந்தா போகுது. காசு வந்தா பேசுற பெட்டி இருக்குல்லா? அது வாயத் திறந்து நாளாச்சு. வாறவன் எல்லாம் 'அனுப்பியாச்சு, அனுப்பியாச்சு'ன்னு ஃபோனக் காட்டுறான். அது பள்ளி முக்குல போயி அனுப்பினதா, போன வருஷம் அனுப்பினதா, யாருக்குத் தெரியும்?"

"கம்பெனியில சொன்னீங்களா?"

"சொன்னேன். ஒருத்தன் வந்தான். டவரை அண்ணாந்து பாத்தான். 'டவர் நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டு, என் கடையில ஒரு சோடா குடிச்சிட்டுப் போயிட்டான். அதுக்கும் காசு அனுப்பினேன்னு ஃபோனக் காட்டினான்!"

கடையில் எல்லாரும் சிரித்தோம். மத்தியானம் அக்கா கடைப்பக்கம் வந்தார். முகம் வாடியிருந்தது. ஒரு மாற்றமாக இருக்கட்டுமே என்று சத்தியதாஸ் கதையை நான் அவருக்குச் சொன்னேன். சோடா வரைக்கும் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி... அந்தக் கிள்ளிப்பாலத்துக்காரர் என்ன சொன்னாரு? பக்கத்துல இருக்கிற ஃபோனும் திணறும்னுல்லா?"

நான் சத்தியதாஸைத் தேடி ஓடினேன். சத்தியதாஸ் இன்னும் பஸ் ஏறியிருக்கவில்லை. பக்கத்துக் கடையில் சீரகம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணாச்சி, உங்க கடைகிட்ட புதுசா ஏதாவது வண்டி வந்து நிக்கா?"

"வண்டியா? ரோட்டுல ஒண்ணும் இல்லியே..." என்று இழுத்தவர், சட்டென்று நிறுத்தினார். "பக்கத்துல பூட்டிக் கெடந்த மரம் அறுக்குற மில்ல எவனோ வாடகைக்கு எடுத்திருக்கான். உள்ள ஏதோ தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கு. நான் மரம்னுல்லா நினைச்சேன்!"

ஸ்டேஷனுக்குச் சொன்னோம். எஸ்.ஐ. முதலில் நம்பவில்லை. பிறகு அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டார். "நம்பர் மாத்தியிருப்பாங்க. வண்டியை அடையாளம் காட்ட ஒரு ஆள் வேணும்" என்றார்.

வண்டியை அடையாளம் காட்ட யாரால் முடியும்? அக்கா வண்டியில் ஏறியதே அபூர்வம். அவர் என்னைப் பார்த்தார்.

"சேகரைக் கூப்பிடு தம்பி."

"நீங்க கூப்பிடுங்க அக்கா."

ரொம்ப நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிட்டார். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"சேகரு..."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"நம்பரு மாத்தியிருந்தாலும் வண்டிய உனக்குத் தெரியும்லா?"

"சாயம் பூசினா என் கை எனக்குத் தெரியாமப் போயிருமா அக்கா?"

"அப்ப வாடே."

வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். வராமல் இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

"...வாரேன்" என்றார்.

எங்கள் முதலாளி தன்னுடைய ஆம்னி வேனை எடுத்துப் போகச் சொல்லி, சாவியை என்னிடம் தந்தார். எனக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அதுவும் தெரியாது. சேகர் வந்ததும் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை உடனே வாங்கவில்லை. முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார். சேகர் சாவியை வாங்கிக்கொண்டார். சத்தியதாஸ் முன்சீட்டில் ஏறிக்கொண்டு வழி சொன்னார். அக்காவும் நானும் பின்னால்.

நாங்கள் போய்ச் சேரும்போது போலீஸ் மரமில்லின் பூட்டைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை. நீலத் தார்ப்பாயை இழுத்தார்கள். ஒரு பிக்கப். வேறு நம்பர். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பேர் சுரண்டப்பட்டிருந்தது. அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. "இதுவா? இதுவா சேகரு?" என்று கேட்டார்.

சேகர் நேராக டிரைவர் பக்கத்துக் கதவுக்குப் போனார். கைப்பிடியை முதலில் அமுக்கி, பிறகு மேலே தூக்கி இழுத்தார். அப்படி இழுத்தால்தான் அது திறக்கும் போலிருக்கிறது. திறந்தது.

"இதுதான்" என்றார்.

சீட்டுக்குக் கீழே தனியாக ஒரு பேட்டரி. அதில் ஒரு சின்ன டப்பா, சில குட்டைக் கொம்புகளோடு. கிஷோரின் டிஃபன் பாக்ஸ் அளவுகூட இல்லை. கறுப்புப் பெட்டி வண்டிக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று திருடர்களுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும்வரை டப்பாவை அணைக்கவும் தைரியம் இல்லை. அதனால் அப்படியே ஓடவிட்டுப் போயிருக்கிறார்கள். இரவும் பகலும்... ஒரு முக்கு முழுவதையும் ஊமையாக்கிக்கொண்டு.

போலீஸ்காரர் படமெடுத்துக்கொண்டு, வயரைக் கழற்றினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம், சத்தியதாஸின் கடையிலிருந்து ஒரு பெண்குரல் மலையாளத்தில் உரக்கக் கேட்டது. நெட்வொர்க் கிடைத்துவிட்டதாம்! "எடியே, காசுப் பெட்டி பேசிட்டா?" என்று சத்தியதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அக்கா தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாள்கணக்காகக் கரமனையில் சேகர் வீட்டு நடையில் ஒட்டிக்கொண்டிருந்த புள்ளி... ஒரே தாவல். பாறசாலை. நடுவில் இருந்த பாலம், கடை, ஊர் எதையும் தொடவில்லை.

"சேகரு, பாரு... பாரு!" என்று அக்கா ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சேகர் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கக் கூடாது, கைரேகை எடுக்கணும் என்று போலீஸ்காரர் சத்தம் போட்டதும்தான் நிறுத்தினார்.

வண்டியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. அதைத் திரும்ப வாங்குவதற்குச் சில முறைகள் இருக்கின்றன. திருடர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவனின் ஃபோன் நம்பர் கிடைத்திருக்கிறதாம். அது அவர்கள் வேலை.

எனக்கு முக்கியம், திரும்பும்போது நடந்ததுதான். ஆம்னி பாலராமபுரம் தாண்டும்போது அக்கா மெல்லச் சொன்னார்.

"வண்டி கையில கிடைச்சதும் நீதான் வந்து எடுக்கணும் கேட்டியா? வேற ஒருத்தன் கையிலயும் நான் கொடுக்க மாட்டேன்."

சேகர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "எடுக்கேன் அக்கா. அதுக்கு முன்னால ஒரு தடவ எங்க லைனுக்கு வாங்க."

"எதுக்குடே?"

"அன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்குள்ள வந்தத எல்லாரும் பாத்தாங்க. ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னத ஒருத்தரும் கேக்கல. நீங்க சொல்லவே இல்லையே."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாளே போனார். லைனில் எல்லாரும் வேலை முடிந்து வந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனார். நடு வாசலில் நின்று, "வண்டி கிடைச்சாச்சு. கள்ளன் வேற எவனோ. சேகரு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு நான் நினைச்சதுலதான்" என்று ஸ்பீக்கரே இல்லாமல் உரக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் அனுவிடம் என்னவோ பேசினார். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

ராஜன் போகவில்லை. "நான் கணக்குத்தானே சொன்னேன்" என்கிறார். உண்மைதான். அந்தப் புள்ளியும் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த கடைசிச் செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தது, பாவம். அதை 'இப்போது' என்று படித்தது நாம்.

ஒன்று கவனித்தீர்களா? ஜாமரைக் கழற்றியதும் ஃபோனில் இருந்த புள்ளி தானாகவே திருந்திவிட்டது. ஆனால் ஃபோன் ஃபோனாகத் தாவிய அந்தப் படம்? வண்டி கிடைத்த செய்தியை நானே டிரைவர்கள் குரூப்பில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். சிரிக்கிற பொம்மை போட்ட ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கேலிக்குக் கால் முளைக்கிறது... நல்ல சேதியை மட்டும் நாம்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கிஷோர், உன் கேள்விக்குப் பதில் இதுதான் — கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டை வீடுதான் இருந்தது. இதை உன் ஸ்கூல் பஸ்ஸில் நீயே சொல்லிவிடு. சிரித்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல். ஆர்த்தி, நீ அனு பக்கத்தில் உட்கார்ந்துகொள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை, "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேனே... எங்கே போனேன் என்று அம்மாகூடக் கேட்கவில்லை. கரமனைக்குப் போனேன். சேகர் வீட்டுக்கு இல்லை. அவர் லைனுக்கு முன்னால், ஜங்ஷனில் ஒரு சலூன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெஞ்ச் நிறைய ஆள்.

என் முறை வந்தது. "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று சலூன்காரர் கேட்டார். ஷேவிங் என்றேன். அவர் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"காலையில எடுத்த மாதிரியில்ல இருக்கு, சேட்டா?"

காலையில் எடுத்ததுதான். "பரவாயில்ல, எடுங்க" என்றேன். சோப்பு நுரை வாயை மூடுவதற்கு முன்பே, பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டேன்: "இந்த லைன்ல இருக்கிற டிரைவர் சேகரோட வண்டி கிடைச்சிட்டு, தெரியுமா? பாறசாலையில..."

பெஞ்சில் பேப்பர்கள் மெல்லத் தாழ்ந்தன. கத்தி என் மழமழத்த கன்னத்தில் ஒரு சுற்று வந்துவிட்டது. கதையில் நான் இன்னும் மரமில்லுக்கே போய்ச் சேரவில்லை.

"அப்படியே முடியையும் வெட்டிவிடுங்க" என்றேன்.